சவரக்கத்தி பழகிய ஐந்து மாதம்

மார்ச் முதல் வாரம் கத்தி கைக்கு வந்தது. இன்று ஜூலை கடைசி. இதற்குள் எண்பத்தேழு தடவை முகத்தில் வைத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன்: கத்தி தீட்டும் தோல் வாரில் எத்தனை இழுப்பு, எந்தத் தண்ணீர், எங்கே எரிந்தது, எங்கே முடி நின்றுபோனது. அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு எனக்கு ஆன நாட்களில் பாதி மிச்சமானால் சந்தோஷம்.

தொடங்கியதற்குக் காரணம் என் கழுத்து. எனக்குச் சுருள் முடி. ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் ஷேவ் செய்த மறுநாள் தொண்டைக்குக் கீழே பொரிப்பொரியாக எழும்பும். முதல் பிளேடு முடியைப் பிடித்து இழுத்துக் கொடுக்க, அடுத்த பிளேடு தோல் மட்டத்துக்குக் கீழே நறுக்கிவிடுகிறது. சுருள் முடி வெளியே வரும் வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்கிறது. ஒரே ஒரு வாய், அதாவது வெட்டும் ஓரம், உள்ள கத்திக்குப் போனால் அது குறையும் என்று தோல் மருத்துவர் சொன்னார். அவர் மனதில் இருந்தது சாதாரண சேப்டி ரேசர். நான் இன்னும் ஒரு படி பின்னால் போனேன்.

வாங்கியது ஜெர்மனியில் செய்த பழைய மடக்குக் கத்தி. கத்தியின் கழுத்தில் ‘சோலிங்கன்’ என்று அச்சு. அந்த ஊர்ப் பெயரை அங்கே செய்த சாமானில் மட்டும்தான் போடலாம் என்று 1938-ல் ஜெர்மனியில் சட்டமே போட்டிருக்கிறார்கள். அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காக எண்ணிச் சொல்வது வழக்கம். என்னுடையது 5/8, சுமார் 16 மி.மீ. புதியவர்கள் இந்த அகலத்தில், நுனி வட்டமாக உள்ளதை வாங்குவது நல்லது. நுனி கூராக உள்ள கத்தி காது மடலுக்குக் கீழே திரும்பும்போது முதலில் தோலைத்தான் தேடும்.

விற்றவர் ‘அப்படியே ஷேவ் செய்யலாம்’ என்று எழுதியிருந்தார். நம்பி முதல் நாளே கன்னத்தில் வைத்தேன். முடியை வேரோடு பிடுங்குவது மாதிரி இருந்தது. நாலு இழுப்பில் கண்ணில் தண்ணீர். கோணம் தப்பா, சோப்பு போதவில்லையா, கை நடுங்குகிறதா என்று மூன்று நாள் என்னையே சந்தேகப்பட்டேன். நோட்டில் முதல் மூன்று பதிவும் ‘எரிச்சல், எரிச்சல், எரிச்சல்’ என்றுதான் இருக்கிறது.

நாலாம் நாள் அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் பழைய தெருவுக்குப் போனேன். அங்கே முப்பது வருசத்துக்கு மேல் சலூன் வைத்திருந்த அண்ணாச்சி இருக்கிறார். பதினேழு வயதில் எனக்கு முதல் முதலாக மீசை ஒதுக்கிவிட்டவர். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கடை இல்லை. கத்தியை வாங்கியவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெருவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, விரலின் சதையைக் கத்தி வாயில் மெல்ல வைத்தார். இழுக்கவே இல்லை, சும்மா வைத்து எடுத்தார். அடியில், நடுவில், நுனியில்.

“இதுக்கு வாயே இல்ல தம்பி. பதம் இருந்தா விரலப் பிடிக்கும். இது வழுக்குது. கல்லுல போட்டுட்டு வா, பொறவு பேசலாம்.”

அந்த மூன்று நாளும் என் கையில் குற்றமே இல்லை. மழுங்கிய கத்தியில் எவ்வளவு நல்ல கையும் தோற்கும். அதனால் என் முதல் யோசனை: கத்தி வந்ததும் அது கூராக இருக்கிறது என்று யார் சொன்னாலும், முன்கை முடியில் சோதிக்காமல் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தோலைத் தொடாமல், தோலுக்கு அரை சென்டிமீட்டர் மேலே கத்தியை நகர்த்தினால் முடி நுனி ஓசையில்லாமல் விழ வேண்டும். விழாவிட்டால் கத்தி தயாரில்லை.

கல் வேலைக்கு மூன்று வாரம் போனது. இந்தப் பதிவில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஒருபக்கம் 1000, மறுபக்கம் 6000 உள்ள ஜப்பான் கூட்டுக்கல் ஒன்று வாங்கினேன். பிறகு 12000 ஒன்று. எண் கூடக்கூடக் கல்லின் மணல் பொடியாகும். சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நாம் கையால் பிடிக்கிறோம். சவரக்கத்தியில் அந்தக் கவலை கிடையாது. முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் படுக்கவைத்தால் போதும். கோணத்தை முதுகின் தடிமன் பார்த்துக்கொள்கிறது. என் கத்தியின் முதுகு 4.8 மி.மீ., முதுகிலிருந்து வாய்வரை 16 மி.மீ. கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து 17 பாகை வருகிறது. முதுகை ஒரு மயிரிழை தூக்கினாலும் அந்தக் கணக்கு போச்சு. முதுகு தேயாமல் இருக்க ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டேன். அப்படி ஒட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒட்டியே தீட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோணம் மாறும்.

கல்லில் வாய் முன்னே போக வேண்டும், ஏதோ கல்லின் மேல்தோலைச் சீவி எடுப்பது போல. திரும்பும்போது முதுகின் மேலே புரட்ட வேண்டும், வாய் கல்லில் உருளக் கூடாது. கல்லின் அகலம் கத்தியின் நீளத்தைவிடக் குறைவு என்பதால், அடியில் தொடங்கி நுனியில் முடிகிற மாதிரி சாய்வாக இழுக்க வேண்டும்.

நூறு இழுப்புக்குப் பிறகும் கத்தியின் நடுப்பகுதி முன்கை முடியை எடுத்தது, அடிப்பகுதி எடுக்கவில்லை. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. வாயோரம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசிவிட்டு இரண்டே இழுப்பு இழுத்துப் பார்ப்பது. கல் தொட்ட இடத்தில் மை போய்விடும், தொடாத இடத்தில் நிற்கும். எனக்கு அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் மை அப்படியே இருந்தது. கத்தி வளைந்திருக்கிறதோ என்று பயந்தேன். பார்த்தால் கல்தான் சமமில்லை. கல் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடிப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் கல்லைத் தேய்த்தேன். ஓரத்துக் கோடுகள் உடனே அழிந்தன, நடுக்கோடு பத்து நிமிடம் ஆகியும் அழியவில்லை. அவ்வளவு குழி. புதுக் கல்லானாலும் முதல் நாளே சமன் செய்துவிட்டுத்தான் கத்தியைத் தொட வேண்டும்.

சமன் செய்த பிறகு 1000-ல் இன்னும் எண்பது இழுப்பு. அடி, நடு, நுனி மூன்றும் ஒன்று போல முடியை எடுத்தன. இந்த இடத்துக்கு வராமல் பொடிக் கல்லுக்குப் போகவே கூடாது. 6000-மும் 12000-மும் வாயை வழவழப்பாக்குமே தவிர, இல்லாத வாயை உண்டாக்காது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன பூதக்கண்ணாடியில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். 1000-ல் உழுத வயல் மாதிரி கீறல்கள். 6000-ல் அவை மங்குகின்றன. 12000 முடிந்ததும் வாயோரம் ஒரு வெள்ளிக் கோடாக, விளக்கைத் திருப்பினால் விளக்கு அதற்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பெருவிரலை வைத்தார். “ம், பிடிக்குது. நாங்க சோப்பு நுரையப் போட்டு ஒரே கல்லுல தீட்டுனோம். நீ மூணு கல்லு வச்சிருக்கே. வாரு இருக்கா?” என்றார்.

வார் என்பது தோல் பட்டை. என்னுடையதில் ஒரு பக்கம் கித்தான் துணி, மறுபக்கம் தோல். கல்லில் வாய் முன்னே போகும். வாரில் முதுகு முன்னே போகும். ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னால் கித்தானில் இருபது, தோலில் ஐம்பது, போக வர ஒன்றாகக் கணக்கு. என் முதல் வாரை ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் வெட்டிவிட்டேன். காரணம் அவசரம். கடைசியில் திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழும்பிவிட்டது, வாய் தோலில் இறங்கிவிட்டது. அதனால் முதலில் மலிவான வாரில் பழகுங்கள். வேகம் தானாக வரும். சலூனில் கேட்ட அந்த சடக், சடக் ஓசைக்கு ஆசைப்பட்டால் வாரும் போகும், வாயும் போகும்.

அண்ணாச்சி என் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. “வாரத் தொய்ய விடாத. கத்திய அமுக்காத. ரெண்டுல எது செஞ்சாலும் வாயி உருண்டு போவும்.” தொய்ந்த வார் கத்தி வாயைச் சுற்றி வளைந்து, முனையை மொட்டையாக்கிவிடுகிறது. என் நோட்டில் பதினெட்டாம் தடவைக்குப் பிறகு எரிச்சல் குறைந்ததாக எழுதியிருக்கிறேன். வாரை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கிய வாரம் அது.

கிங் கில்லெட் 1903-ல் தன் சேப்டி ரேசரை விற்கத் தொடங்கினார். முதல் வருசம் போனது 51 ரேசர், 168 பிளேடு; மறுவருசமே காப்புரிமை கிடைத்தது, ரேசர் விற்பனை லட்சத்தை நெருங்கியது. அவருடைய விளம்பர வாசகத்தின் சாரம், வாரும் வேண்டாம், கல்லும் வேண்டாம் என்பதுதான். அந்த இரண்டையும் பழகவே எனக்கு இரண்டு மாதம் ஆனபோது, உலகம் ஏன் அவர் பின்னால் போனது என்று நன்றாகப் புரிந்தது.

முகத்துக்கு வருகிறேன்.

முதல் வாரம் வலது கன்னம் மட்டும், மீதிக்குப் பழைய ரேசர். இரண்டாம் வாரம் இடது கன்னம். மூன்றாம் வாரம் கழுத்து. முகவாயும் மேலுதடும் ஐந்தாம் வாரத்துக்குப் பிறகுதான். ஒரே நாளில் முழு முகத்தையும் முடிக்க நினைப்பவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு கன்னம் சுத்தமாக வந்த சந்தோஷம் மறுநாளும் கத்தியை எடுக்கவைக்கும்.

நான் எதிர்பார்க்காத சிக்கல் தண்ணீர். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் எவ்வளவு சோப்பு போட்டாலும் நுரை நிற்காது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடுகிறது. கார்ட்ரிட்ஜுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, கத்திக்கு உடனே தெரிந்தது. இப்போது ஒரு டம்ளர் குடிதண்ணீரைச் சூடாக்கி அதில்தான் பிரஷை நனைக்கிறேன். நுரை தயிர் மாதிரி இறுகி, பிரஷைத் தூக்கினால் கொக்கி போல நிற்க வேண்டும். குளித்து முடித்த கையோடு நுரை போட்டு மூன்று நிமிடம் விட்டால் முடி தண்ணீரை இழுத்து மெத்தென்று ஆகிவிடும்.

கோணம் முப்பது பாகைக்குள். அளக்க ஒரு வழி இருக்கிறது: கத்தியைக் கன்னத்தில் படுக்கவைத்து, அதன் முதுகு தடிமன் அளவுக்கு இடைவெளி வருகிற மாதிரி முதுகைத் தூக்கினால் சரியாக இருக்கும். அழுத்தம் கூடாது, கத்தியின் எடையே போதும். முதலில் முடியின் வாட்டத்தில் ஒரு சுற்று. முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக் கண்ணாடி முன்னால் ஒரு நாள் செலவழித்தேன். என் கழுத்தின் இடது பக்கம் முடி காதைப் பார்த்து, பக்கவாட்டில் வளர்ந்திருக்கிறது. இத்தனை வருசம் அங்கே எதிர்வாட்டத்தில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொரி எழும்பியதும் அதே இடத்தில்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கழுத்து சரியாக வரவில்லை. நாற்பதாவது தடவை வரைக்கும் நோட்டில் ‘தாடைக்குக் கீழே முடி நிற்கிறது’ என்று இருக்கிறது. ஒரு ஞாயிறு காலை அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பார்க்க ஷேவ் செய்தேன். இரண்டு இழுப்பு பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினார்.

“கத்தியப் பிடிக்கது வலது கை. செரைக்கது இடது கை. நீ இடது கைய சும்மா வச்சிருக்கியே.”

தன் விரல்களைத் துண்டில் துடைத்து ஈரம் போக்கி, என் தாடை எலும்புக்கு மேலே வைத்துத் தோலை மேல்நோக்கி இழுத்தார். கழுத்துச் சதை மேளத்தோல் போல விறைத்தது. அதே கத்தி, அதே கோணம். இந்தத் தடவை நுரைக்குக் கீழே கரகரவென்று ஒரு மெல்லிய ஓசை, எறும்பு காய்ந்த இலையில் நடப்பது மாதிரி. தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. வலியே தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் கத்திக் கையைப் பற்றி யோசிப்பதைக் குறைத்துவிட்டேன். எங்கே கத்தி வைக்கப்போகிறேனோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இழுப்பதற்கு எங்கே பிடிப்பது என்பதுதான் முதல் கேள்வி. கன்னத்துக்குக் காதோரம். கழுத்துக்குத் தாடை எலும்புக்கு மேல். முகவாய்க்குக் கீழுதட்டைப் பல் மேல் மடித்து இறுக்கிக்கொள்வது. மேலுதட்டுக்கு மூக்கு நுனியைத் தூக்கிப் பிடிப்பது. விரலில் நுரை இருந்தால் வழுக்கும், அதனால் படிகாரக் கல்லை ஒரு தடவை விரலில் தேய்த்துக்கொள்கிறேன். பிடிப்பு நன்றாகக் கிடைக்கிறது.

2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தன்னைவிட ஐம்பது மடங்கு கடினமான எஃகை முடி எப்படி மழுங்கடிக்கிறது என்று நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். வாய் மெல்ல மெல்லத் தேய்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். முடி வளைந்து பிளேடைச் சாய்வாகச் சந்திக்கும்போது, வாயோரத்தில் பலவீனமான இடத்தில் பொடிச் சில்லாகப் பெயர்கிறது என்று கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு அண்ணாச்சியின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. தோலை இழுத்தால் முடி நிமிர்ந்து நிற்கிறது, வளைய இடமில்லை. தோலுக்கும் நல்லது, கத்திக்கும் நல்லது என்று எனக்குப் படுகிறது.

இரண்டு விபத்துகளையும் எழுதிவிடுகிறேன். முப்பத்தோராம் தடவை, முகவாயின் வளைவில் கத்தி இருக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள், தலையைத் திருப்பிவிட்டேன். கத்தி அதன் நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தது. அவ்வளவுதான், வாழைத்தண்டை அறுப்பது போல அறுத்துவிட்டது. சவரக்கத்தி வாய்க்குக் குறுக்காக மட்டுமே நகர வேண்டும், நீளவாக்கில் ஒரு இழை கூட நகரக் கூடாது. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகுதான் ரத்தம் நின்றது. இப்போது கதவைத் தாழிட்டு, போனை வெளியே வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். நாற்பத்து நாலாம் தடவை, கழுவும்போது வாய் பைப்பில் பட்டது. ‘டிங்’ என்று சின்னச் சத்தம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அரை மில்லிமீட்டர் சில்லு போயிருந்தது. மறுபடி 1000-லிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கை நழுவி விழுந்தால் மட்டும் பிடிக்கப் போகாதீர்கள். கத்தி போனால் போகட்டும்.

ஷேவ் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டு, ஈரமான படிகாரத்தை முகம் முழுக்கத் தடவுகிறேன். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே கை தப்பு செய்திருக்கிறது. என் நோட்டில் பாதி பதிவுகள் படிகாரம் சொல்லிக்கொடுத்தவை.

துருவும் ஒரு பெரிய தொல்லை. இது கார்பன் எஃகு, எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. குளியலறையில் வைத்துவிட்டு மூன்றாம் நாள் பார்த்தால் வாயோரம் கடுகு கடுகாகப் புள்ளி. இப்போது டிஷ்யூவில் துடைத்து, வாரில் பத்து இழுப்பு இழுத்து ஈரம் போக்கி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி அலமாரியில் வைக்கிறேன். தேங்காய் எண்ணெயும் போட்டுப் பார்த்தேன், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துக் கத்தியின் ஆணியில் அடைந்துகொண்டது.

அண்ணாச்சி தன் கத்தியைக் கீழே வைத்தது தொண்ணூறுகளில். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். ஒருவருக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்குப் போடக் கூடாது என்ற விழிப்புணர்வு சலூன்களுக்கு வந்தபோது, எல்லோரையும் போல அவரும் பாதி பிளேடு மாட்டுகிற கத்திக்கு மாறினார். அது சரியான காரியம்தான். என் கத்தியையும் நான் ஒருவன் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அதோடு கல்லும் வாரும் போய்விட்டன. சிரைப்பது என்ற சொல்லை நம் ஊரில் வசையாக வைத்திருக்கிறோம். ஒன்றுக்கும் உதவாதவனைப் பார்த்து ‘என்ன சிரைக்கிறே’ என்று கேட்கிறோம். ஐந்து மாதம் பழகியும் என் முகத்தை மட்டுமே ஒழுங்காகச் செய்யத் தெரிந்த எனக்கு, ஒரு நாளைக்கு முப்பது வேறு வேறு முகங்களில், அசைகிற குழந்தையின் தலையில், ஒரு கீறல் விழாமல் இதைச் செய்தவரைப் பார்த்தால் அந்தச் சொல் வாயில் வரவே மாட்டேன் என்கிறது.

கழுத்துப் பொரி இப்போது இல்லை. இடது தாடைக்குக் கீழே மட்டும் எதிர்வாட்டத்தில் போனால் லேசாகச் சிவக்கிறது, அங்கே ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மேலுதட்டில் மூக்கை ஒட்டிய ஓரம் இன்னும் சுத்தமாக வருவதில்லை.

போன வாரம் அண்ணாச்சி ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து தன் பழைய கத்தியை எடுத்துக் கொடுத்தார். தீட்டித் தீட்டி அகலம் பாதியாகியிருக்கிறது, மேலே துரு. வாயில் மட்டும் எங்கேயும் சில்லு இல்லை. துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தெடுத்து, மூன்று நாள் சாயங்காலம் கல்லில் போட்டேன். நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெருவிரலை ஈரமாக்கி அடியில், நடுவில், நுனியில் வைத்துப் பார்த்தார். நுனியில் இரண்டாவது தடவை வைத்தார்.

“இங்க மட்டும் கொஞ்சம் சோம்பலா இருக்கு. வாருல இன்னும் இருவது போடு” என்று சொல்லி, வாரின் ஒரு முனையை அவரே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.